சூரியனின் நடுவில் ஒரு பூஜ்யம்

நேயர்களுக்கு வணக்கம்.

2015 செப்டம்பர் 3ஆம் தேதி, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள வொயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்திலிருந்து ஒரு சிறிய ராக்கெட் கிளம்பியது. அதற்குள் இருந்த கருவியின் பெயர் கிளாஸ்ப். ஜப்பான், அமெரிக்கா, ஸ்பெயின், பிரான்ஸ் விஞ்ஞானிகள் சேர்ந்து உருவாக்கியது. மேலே போய்ச் சூரியனைப் பார்க்க அதற்குக் கிடைத்தது ஐந்தே நிமிடம்.

அது பார்க்கப் போனது லைமன் ஆல்ஃபா ஒளியை. சூரியனின் ஒளிரும் மேற்பரப்புக்கு மேலே உள்ள நிறமண்டலம் என்ற அடுக்கின் ஹைட்ரஜன் வெளியிடும் புற ஊதாக் கதிர் இது, அலைநீளம் 121.6 நானோமீட்டர். அங்கே சிதறும்போது இந்த ஒளிக்குக் கொஞ்சம் தளவிளைவு வந்துவிடும். அதாவது, ஒரு திசையில் அதிர்வது மற்றத் திசைகளைவிடச் சற்றுத் தூக்கலாக இருக்கும். காந்தப்புலம் இருந்தால் அந்த அளவு லேசாக மாறும். அந்த மாற்றத்தை நம்ப வேண்டுமென்றால், கருவியின் பிழை 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சிக்கல் என்னவென்றால், கருவியே தளவிளைவை உண்டாக்கும். ஆடியில் சாய்வாகப் பட்டுத் திரும்பினாலே போதும். சரி, அளந்து கழித்துவிடலாமே என்றால், இந்த ஒளி காற்றிலும் போகாது, சாதாரணக் கண்ணாடியிலும் போகாது. எல்லாச் சோதனையும் வெற்றிடத்தில்தான். ஆடியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒட்டினாலும் ஒளி மங்கிவிடும்.

கருவியின் உயிர்நாடி, மக்னீசியம் ஃபுளோரைடு படிகத்தால் ஆன அரை அலைத்தகடு. ஒளி அதிர்கிற திசையைத் திருப்பிவிடும் தகடு இது. அதை எவ்வளவு தடிமனில் செய்வது என்று முடிவுசெய்யவே, அந்தப் படிகம் இந்த ஒளியை எப்படி இரண்டாகப் பிரிக்கிறது என்று ஜப்பானின் ஒகசாகியில் உள்ள சின்க்ரோட்ரானில், அதாவது எலக்ட்ரான்களைச் சுழற்றித் தீவிர ஒளியை உண்டாக்கும் இயந்திரத்தில், முதலில் அளந்தார்கள். தகடு 4.8 விநாடிக்கு ஒரு சுற்று சுற்றும், கேமரா 0.3 விநாடிக்கு ஒரு படம் எடுக்கும். சுற்றுக்கு 16 படம். அவற்றில் ஒளி ஏறி இறங்குவதை வைத்துத்தான் தளவிளைவைக் கணக்கிடுவார்கள். ஏவுவதற்கு முன், தளவிளைவு தெரிந்த ஒளியை உள்ளே செலுத்தி, கருவி என்ன சொல்கிறது என்று ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டார்கள்.

அப்புறம் ராக்கெட்டின் அதிர்வு இருக்கிறதே! தரையில் பார்த்த கணக்கு மேலேயும் நிற்குமா? கடைக்காரர் நிறுக்கும் முன் வெறும் தட்டைப் பார்ப்பதுபோல, கிளாஸ்பை முதலில் சூரிய வட்டத்தின் மையத்தைப் பார்க்க வைத்தார்கள். அங்கே நாம் நேர்மேலிருந்து பார்க்கிறோம்; எல்லாப் பக்கமும் சமச்சீர். இடத்துக்கு இடம் சின்னச் சின்னத் தளவிளைவு இருக்கலாம், ஆனால் சராசரி எடுத்தால் பூஜ்யம்தான் வர வேண்டும். பூஜ்யம் இல்லாமல் எது மிஞ்சினாலும் அது கருவியுடையது. அந்த மிச்சத்தை 0.014 சதவீதத் துல்லியத்தில் கண்டறிந்தார்கள். தரையில் அளந்ததோடு ஒத்துப்போனது. ஐந்தே நிமிடத்தில் ஒரு பங்கை, ஒன்றும் இருக்காது என்று தெரிந்த இடத்துக்கு ஒதுக்கிய அந்தத் துணிவு என்னை மிகவும் கவர்ந்தது.

மீதி நேரம் சூரியனின் விளிம்புப் பக்கம். மையத்திலிருந்து விளிம்புக்குப் போகப்போக நிறமாலைக் கோட்டின், அதாவது இந்த ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்தால் தெரியும் கோட்டின், நடுப்பகுதியில் தளவிளைவு ஒழுங்காக மாறும் என்று எளிய மாதிரிகள் சொல்லியிருந்தன. கிளாஸ்ப் அப்படிக் காணவில்லை. கருவியின் கோளாறு என்று தள்ள வழியில்லை. அளவுத்திருத்தம் அவ்வளவு உறுதி. ஆகவே, நிறமண்டலம், சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவைச் சந்திக்கும் எல்லை தட்டையானது அல்ல, மேடும் பள்ளமுமாகச் சிக்கலானது என்று கோட்பாட்டாளர்கள் தங்கள் மாதிரிகளைத் திருத்த வேண்டியதாயிற்று.