கேமராவை அலமாரியிலிருந்து எடுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அரங்கு நிறைந்திருக்கும் பெரியோரே, மாணவர்களே, வணக்கம்.

டிஜிட்டல் காலத்தில் பழைய பிலிம் கேமராக்களைப் பேணிப் பயன்படுத்துவது தேவையா, வீண் பிடிவாதமா என்பது இன்றைய கேள்வி. தேவை என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணியினரில் ஒருவர், செலவு கட்டுப்படியாகாது என்றார். அடுத்தவர், எடுத்த படத்தைப் பார்க்க நாள்கணக்கில் காத்திருப்பது இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்றார். மூன்றாவதாகப் பேசிய அம்மையார் எங்கள் அணிக்கு ஒரு சலுகை கொடுத்தார். "தாத்தாவின் கேமராவைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் போற்றுங்கள், யாரும் தடுக்கவில்லை, அதில் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்" என்றார். முதல் இருவரின் எதிர்ப்பைவிட இந்தச் சலுகைதான் எனக்கு வலிக்கிறது.

அம்மையார் அவர்களே, நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். தோல் உறையில் மூடி அலமாரியில் பூட்டிய லென்ஸின் உட்புறத்தில் சில மழைக்காலங்களுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். வெள்ளை இழைகளாகப் படரும் அந்தப் பூஞ்சை கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், பிறகு எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது. ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டருக்குள் இருக்கும் எண்ணெய் இறுகிப்போகும். ஒரு விநாடியில் திறந்து மூடவேண்டிய ஷட்டர் பாதி வழியில் நின்றுவிடும். பழுது பார்ப்பவரைக் கேட்டுப்பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கேமராவைச் சரிசெய்வது எளிது, பல ஆண்டுகள் கிடப்பில் போட்டதை எழுப்புவதுதான் பாடு என்பார்.

அதுகூடச் சின்ன ஆபத்துதான். எல்லோரும் அலமாரியில் வைத்துவிட்டால் பிலிம் வாங்க ஆள் இருக்காது. வாங்க ஆள் இல்லையென்றால் பிலிம் தயாரிப்பவர் கதவை மூடுவார். மூடினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது.

உதகமண்டலத்தில் இந்து நகர் என்று ஓர் இடம் உண்டு. ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் அங்கேதான் இருந்தது. 1960-ல் தொடங்கப்பட்டு, பிரான்ஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1967-ல் உற்பத்திக்கு வந்தது. தூசியில்லாத குளிர்ந்த காற்று பிலிம் தயாரிப்புக்கு ஏற்றது என்பதால் நீலகிரியைத் தேர்ந்தெடுத்தார்கள். "இந்து" என்ற பெயரில் அங்கே தயாரான கறுப்பு வெள்ளை பிலிமும் போட்டோ தாளும் நாடெங்கும் இருந்த ஸ்டூடியோக்களுக்குப் போயின. எக்ஸ்ரே பிலிம் மருத்துவமனைகளுக்குப் போனது. ஜெலட்டினில் வெள்ளி உப்புகளைக் கலந்து, நீண்ட படச்சுருள் முழுவதும் ஒரே கனத்தில், வெளிச்சம் படாமல் பூச வேண்டும். ஓரிடத்தில் கனம் கூடினாலும் படத்தில் கறையாகத் தெரியும். அந்த வேலையை அறிந்தவர்கள் நம் மலையில் இருந்தார்கள். 1990-களில் நிறுவனம் நலிவடைந்தது. இன்று அது இல்லை. இன்று சென்னையிலோ மதுரையிலோ ஒரு மாணவர் கறுப்பு வெள்ளை ரோல் வாங்கினால், அது பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்திருக்கும். செலவு அதிகம் என்றாரே முதல் பேச்சாளர், அந்தச் செலவில் ஒரு பங்கு நாம் கைவிட்டதற்கான விலை.

இன்னொரு முறை தொடங்கிக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். அது அவ்வளவு எளிதில்லை. போலராய்டு நிறுவனம் 2008-ல் உடனடிப் பட பிலிமை நிறுத்தியது. நெதர்லாந்தில் என்ஷெடே நகரில் இருந்த ஆலையின் இயந்திரங்களைச் சிலர் சேர்ந்து வாங்கிக் காப்பாற்றினார்கள். இயந்திரம் இருந்தது, இயக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் பழைய பிலிமுக்குத் தேவையான ரசாயனங்களைத் தயாரித்தவர்கள் அதற்குள் கடையைக் கட்டியிருந்தார்கள். புதிதாக ஒரு கலவையைக் கண்டுபிடித்து 2010-ல் முதல் பிலிமை வெளியிட்டபோது, பழைய தரம் அதில் இல்லை. தரத்தைத் தேற்ற அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் போராடினார்கள். கோடாக்குக்கும் இதே அனுபவம். 2012-ல் நிறுத்திய எக்டாக்ரோம் ஸ்லைடு பிலிமை மீண்டும் கொண்டுவருவதாக 2017 தொடக்கத்தில் அறிவித்தார்கள். மூலப்பொருள்கள் பல சந்தையில் இல்லாததால், செய்முறையைத் திருத்தி எழுதி, 2018-ல்தான் விற்பனைக்குக் கொண்டுவர முடிந்தது. பிலிமை உலகுக்குப் பழக்கிய நிறுவனத்துக்கே இந்தப் பாடு!

நம் உழவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. பாரம்பரிய நெல் விதையைப் பானையில் போட்டு மூடி வைத்தால் சில ஆண்டுகளில் முளைப்புத்திறன் போய்விடும். ஆண்டுதோறும் வயலில் விதைத்து அறுத்தால்தான் அந்த ரகம் அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும். பிலிம் கேமராவும் அப்படித்தான். படம் எடுப்பவர்கள் இருந்ததால்தான் இங்கிலாந்தின் ஹார்மன் நிறுவனம் 2023-ல் புதிதாக ஒரு கலர் பிலிமையே தயாரித்து விற்றது. பென்டாக்ஸ் 2024-ல் புத்தம் புதிய பிலிம் கேமரா ஒன்றை வெளியிட்டது. அலமாரியில் வைத்து ரசிப்பவர்களை நம்பி இவர்கள் பணம் போடவில்லை.

சரி, எதற்காகக் காப்பாற்ற வேண்டும்? கைப்பேசியில் எடுத்தால் போதாதா? நடுவர் அவர்களே, இதற்குப் பதிலாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல அனுமதியுங்கள்.

1897 ஜூலையில் சாலமன் ஆந்த்ரே, நில்ஸ் ஸ்ட்ரிண்ட்பெர்க், நட் ஃப்ரேங்கல் என்ற மூன்று ஸ்வீடன் நாட்டவர்கள் பலூனில் ஏறி வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். மூன்று நாள்கூட ஆகவில்லை. பலூன் பனிக்கட்டியின் மேல் இறங்கிவிட்டது. பொருள்களை இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் பனியில் நடந்தார்கள். அக்டோபரில் ஒரு சிறு தீவில் மூவரும் இறந்துபோனார்கள். என்ன ஆனார்கள் என்று உலகத்துக்கு 33 ஆண்டுகள் தெரியவில்லை. 1930-ல் அந்தப் பக்கம் போன நார்வே கப்பல் ஒன்றும், அதைத் தொடர்ந்து போன இன்னொன்றும் அவர்களின் உடல்களையும், நாட்குறிப்பையும், ஸ்ட்ரிண்ட்பெர்க்கின் கேமராவையும் பிலிமையும் கண்டெடுத்தன. 33 குளிர்காலங்கள் பனியில் நனைந்த பிலிம். ஸ்டாக்ஹோமில் ஜான் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவர் அதை ரசாயனத்தில் பொறுமையாகக் கழுவிப் படமாக்கினார். எடுக்கப்பட்ட சுமார் 240 படங்களில் 93 மீண்டன. பனிமேல் சரிந்து கிடக்கும் பலூனும் அதன் அருகே நிற்கும் இருவரும் அந்தப் படங்களில் ஒன்றில் இருக்கிறார்கள். கேமராவைப் பிடித்திருந்தவர் மூன்றாமவர்.

ஒளி பட்டவுடன் வெள்ளி உப்பில் கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்று நிகழ்கிறது. மின்சாரமோ கடவுச்சொல்லோ கேட்காமல் அது அங்கேயே காத்துக்கிடக்கிறது. அமெரிக்காவில் விவியன் மேயர் என்ற பெண்மணி குழந்தைகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தபடி தெருக்களைப் படமெடுத்தார். எடுத்ததை யாருக்கும் காட்டவில்லை. 2007-ல் சிகாகோவில் அவருடைய பெட்டிகள் ஏலத்துக்கு வந்தபோதுதான் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்கள் வெளிச்சத்துக்கு வந்தன. கழுவப்படாத ரோல்களும் ஏராளமாக இருந்தன. பூட்டிய கைப்பேசி ஒன்றை விட்டுச் சென்றிருந்தால், அவர் யாரென்றே நமக்குத் தெரிந்திருக்காது.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பாட்டியின் திருமணப் படம் பீரோவில் இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் கைப்பேசியில் எடுத்த குழந்தையின் முதல் பிறந்தநாள் படம் எத்தனை வீடுகளில் பத்திரமாக இருக்கிறது? ஊர்தோறும் ஸ்டூடியோக்கள் டிஜிட்டலுக்கு மாறியபோது பழைய நெகட்டிவ்களைக் குப்பையில் போட்டார்கள், வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். எஞ்சியதைத் தேடித் திரட்ட, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு முயற்சி எடுத்தது. தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்கள் அப்படித்தான் ஆவணமாயின. அந்தப் படங்களை டிஜிட்டலில்தானே நகலெடுத்தார்கள் என்று எதிரணியினர் மடக்கலாம். ஆமாம், நகலெடுத்தார்கள். நகலெடுக்க மூலம் ஒன்று கையில் இருந்தது.

நெகட்டிவ் பொய் சொல்லாது என்று நான் வாதிட மாட்டேன். பென்சிலால் நெகட்டிவைத் தீட்டி முகச் சுருக்கத்தை மறைத்த கலைஞர்கள் நம் ஸ்டூடியோக்களில் இருந்தார்கள். ஆனால் செயற்கை நுண்ணறிவு நடக்காத கூட்டத்துக்கும் பிறக்காத மனிதருக்கும் படம் செய்து தரும் இந்த நாளில், இந்த ஒளி இந்த இடத்தில் விழுந்தது என்பதற்குக் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருள் இருப்பது சாதாரண விஷயமா?

காத்திருப்பதைக் குறையாகச் சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை. நான் மாணவர்களுக்குப் படம் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறேன். நல்ல வெயிலில் அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, 16-ல் வைத்துக்கொள். ஒளியுணர்வு 100 உள்ள பிலிம் என்றால் ஷட்டரை 125-ல், அதாவது விநாடியில் 125-ல் ஒரு பங்கில் வை. நிழலுக்குப் போனால் அபெர்ச்சரைத் திற. இவ்வளவுதான் முதல் பாடம். பின்பக்கம் திரை இல்லாததால் அவர்கள் வெயிலைப் பார்க்கிறார்கள். மேகம் மூடும்போது விரல் தானாக வளையத்தைத் திருப்புகிறது. ஒரு ரோலில் உள்ள 36 படங்களுக்குள் முடிக்க வேண்டும் என்பதால், யாரை எடுக்கிறார்களோ அவரிடம் முதலில் பேசுகிறார்கள். இந்தப் பழக்கம் வந்தபின் டிஜிட்டல் கேமராவைக் கொடுங்கள், அதிலும் சிறப்பாகவே எடுப்பார்கள்.

செலவுக்கு வருகிறேன். ஒரு கலர் ரோலை வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்தால் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. இதை மறைக்க மாட்டேன். கறுப்பு வெள்ளைக்கு வழி இருக்கிறது. 100 அடிச் சுருளாக வாங்கி நாமே டப்பாக்களில் ஏற்றிக்கொள்ளலாம். கழுவுவதற்கான டி-76 டெவலப்பர் 1927-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அதன் செய்முறை யாருடைய பூட்டிலும் இல்லை. மெட்டால் 2 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், ஒரு லிட்டர் தண்ணீர். பிறகு, படம் அழியாமல் நிலைக்கச் செய்யும் ஹைப்போ கரைசல். பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாமல் அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்தப் பொறுப்பை எங்கள் தரப்பு தட்டிக்கழிக்கவில்லை. கேமராவுக்கோ மறுசெலவு குறைவு. 1982-ல் வந்த நிக்கான் எஃப்எம்2-வில் பேட்டரி தீர்ந்தால் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் மட்டும் நிற்கும். ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். நாற்பது ஆண்டு கடந்தும் அதைத் திறந்து, பற்சக்கரத்தைப் பார்த்து, சரிசெய்து மூட முடிகிறது. இன்று வாங்கும் கைப்பேசிக்கு நாற்பது ஆண்டு வேண்டாம், பத்து ஆண்டு உத்தரவாதம் தருவார் யார்?

செய்தி நிருபரும், மருத்துவரும், விபத்து நடந்த இடத்தில் நிற்கும் காவலரும் டிஜிட்டலில்தான் எடுக்க வேண்டும். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. நாங்கள் கேட்பது, பழுது பார்க்கும் கைகளுக்கு வேலையும், பள்ளியிலும் கல்லூரியிலும் பிலிம் கழுவ ஓர் இருட்டறையும், வீட்டில் கிடக்கும் கேமராவுக்கு ஆண்டுக்குச் சில ரோல்களும். இவற்றை வீண் பிடிவாதம் என்று ஒதுக்காமல், தேவை என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.