ஒரு புழுவின் பதினோரு பட்டைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

வாழைப்பழம் கொஞ்சம் அதிகமாகக் கனிந்துவிட்டால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே ஒரு குட்டி ஈ, அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கையை வீசினால் போகாது, பழத்தைத் தூக்கிப்போட்டால்தான் போகும். நான் கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்தில், மாணவர்களைப் பாட்டிலில் அரைப் பழம் போட்டு ஜன்னலோரம் வைக்கச் சொல்வேன். மறுநாள் காலையில் பாட்டிலுக்குள் ஒரு கூட்டமே இருக்கும். வாலுப்பக்கம் கறுத்திருந்தால் ஆண், வரிவரியாக இருந்தால் பெண். என் வகுப்பில் ஒரு மாணவி, லென்ஸே இல்லாமல் பாட்டிலைத் திருப்பிப் பார்த்து, "சார், நாலு ஆண், ஏழு பெண்" என்பாள். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கும். அவளிடம் பிறகு வருகிறேன்.

இந்த ஈயின் முட்டை அரை மில்லிமீட்டர் நீளம். ஒரு ரவைத் துணுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் தலை எது, வால் எது, முதுகு எது, வயிறு எது என்று எல்லாம் முடிவாகி, ஒரே நாளில் புழு வெளியே வந்துவிடும். யார் முடிவு செய்கிறார்கள்? இந்தக் கேள்விக்குக் கதவு திறந்தவர்களில் முக்கியமானவர் ஒரு ஜெர்மன் அம்மையார், கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட். பெயர் நாக்கில் புரளச் சற்று நேரமாகும். கிறிஸ்டியானே என்றே சொல்லிக்கொள்கிறேன்.

1942-இல் பிறந்தவர், ஃபிராங்க்ஃபர்ட்டில் வளர்ந்தவர். பள்ளியில் வீட்டுப்பாடம் ஒழுங்காகச் செய்யாதவர் என்று தன்னைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். டாக்டராகலாமா என்று பார்க்க ஒரு மாதம் மருத்துவமனையில் நர்ஸ் வேலை பழகினார். அந்த ஒரு மாதமே போதும், அது தனக்கு ஒத்துவராது என்று தெரிந்துவிட்டது. அப்புறம் உயிரியல், கொஞ்சம் இயற்பியல், பிறகு டூபிங்கனில் உயிர்வேதியியல். பாக்டீரியாவைத் தாக்கும் ஒரு வைரஸின் டி.என்.ஏ.வில், ஒரு நொதி எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. 1973-இல் பட்டம். அந்தக் காலத்து மூலக்கூறு உயிரியல் அது. சோதனைக்குழாயில் கலக்கு, பிரி, அள. வேலை நன்றாகத்தான் போனது. ஆனால் அவருக்கு அலுத்துவிட்டது. ஓர் உயிர் முழுதாக உருவாவதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிவிட்டது.

ஈயைப் பற்றி எதுவும் தெரியாமல்தான், 1975-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் வால்டர் கேரிங் என்பவரின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே பழக்கமானவர் எரிக் வீஷவுஸ் என்ற அமெரிக்கர். 1978-இல் இருவருக்கும் ஹைடல்பர்கில், ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் வேலை கிடைத்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சின்ன அறை.

அவர்கள் போட்ட திட்டத்தை இப்படிச் சொல்கிறேன். புது வீட்டுக்குக் குடிபோகிறீர்கள். மெயின் போர்டில் முப்பது ஃபியூஸ் இருக்கிறது, ஒன்றிலும் பெயர் எழுதவில்லை. என்ன செய்வீர்கள்? ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எந்த விளக்கு அணைகிறது என்று பார்ப்பீர்கள். இவர்கள் செய்ததும் அதுதான். ஆண் ஈக்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரில் மரபணுவைக் கெடுக்கும் ஒரு ரசாயனத்தைக் கலந்து கொடுத்தார்கள். அதன் வாரிசுகளைத் தனித்தனிக் குடும்பமாக வளர்த்தார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள். மூன்றாம் தலைமுறையில், தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஒரே பழுதை வாங்கிக்கொண்ட கருக்கள், கணக்குப்படி நாலில் ஒன்று, முட்டைக்குள்ளேயே செத்துப்போகும். அந்தச் செத்த கருக்களைத்தான் பார்க்க வேண்டும்.

பார்ப்பது என்றால் சும்மா இல்லை. நல்ல புழுவின் அடிப்பக்கத்தில் பொடிப்பொடியாக முட்கள் கொண்ட பட்டைகள் இருக்கும். மார்பில் மூன்று, வயிற்றில் எட்டு. சதையைக் கரைத்துவிட்டு மேல்தோலை மட்டும் கண்ணாடித் தகட்டில் வைத்தால், இருட்டுப் பின்னணியில் பட்டைகள் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஒரே பொருளைப் பார்க்கக்கூடிய மைக்ராஸ்கோப் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதில் ஓராண்டுக்கும் மேலாக, செத்த புழு, அடுத்த செத்த புழு என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அந்த இரட்டை மைக்ராஸ்கோப்தான். ஒருவர் கண்ணுக்குத் தப்பினால் இன்னொருவர் கண்ணில் மாட்டும். "இதில் ஏதோ சரியில்லையே" என்று ஒருவர் சொன்னால், அந்த நொடியே வாக்குவாதம் நடத்தலாம்.

கெட்டுப்போன கரு என்றால் குழம்பிப்போய்க் கிடக்கும் என்றுதான் நாம் நினைப்போம். கிடைத்ததோ வேறு. சில புழுக்களில் நடுவில் ஒரு பெரிய துண்டே காணோம். சிலவற்றில் ஒன்றுவிட்டு ஒன்று, ஒன்றுவிட்டு ஒன்று என்று பட்டைகள் காணோம். கரு தன் உடம்பை இரண்டிரண்டாக எண்ணுகிறது என்று அதுவரை யார் கனவிலாவது வந்திருக்குமா? இன்னும் சிலவற்றில் பட்டைகளின் எண்ணிக்கை சரி, ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பாதி போய், மிச்சப் பாதி கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பி நின்றது. ஆக, முதலில் பெரிய பாகம், பிறகு இரட்டை, பிறகு ஒவ்வொரு துண்டுக்குள்ளும் முன் பின். ஒரு தச்சர் மரத்தை அறுக்கும் வரிசைதான். 1980 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரையில் 15 மரபணுக்கள் இருந்தன. எல்லாத் தேடலும் முடிந்தபோது எண்ணிக்கை 120-ஐ ஒட்டி வந்தது. அதில் வேலை செய்த ஆய்வக உதவியாளர் ஹில்டகார்ட் க்ளூடிங்கின் பெயர் 1984-இல் வந்த விரிவான கட்டுரையில் ஆசிரியராக இருக்கிறது. பாட்டில் கழுவியவர் பெயர் எங்கேயும் வராத நம் ஊர்ப் பழக்கத்தை நினைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

சரி, முதல் சொல் யாருடையது? தாயினுடையது. டூபிங்கனுக்குத் திரும்பி, 1985-இல் அங்குள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் இயக்குநரான பிறகு, கிறிஸ்டியானே இதைத் தொடர்ந்தார். பூஜை அறையில் சாம்பிராணி போட்டால் அங்கே நெடி தூக்கலாக இருக்கும், கூடத்தில் குறையும், கொல்லைப்புறத்தில் லேசாக வரும். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த அறையில் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். தாய் ஈ முட்டையின் ஒரு முனையில் 'பைகாய்ட்' என்ற புரதத்துக்கான செய்தியை வைத்துவிடுகிறது. அங்கிருந்து புரதம் பரவுகிறது. ஈயின் கருவில் முதல் சில மணி நேரம் செல்களுக்கு நடுவே சுவர் கிடையாது, ஒரே கூடம். அதனால் தடையில்லாமல் பரவும். நெடி தூக்கலான இடம் தலை, குறைந்த இடம் மார்பு. தாயிடம் அந்த மரபணு பழுதென்றால், புழுவுக்குத் தலையும் மார்பும் வராது. முன்பக்கத்திலும் வால்நுனிதான் முளைக்கும். கிறிஸ்டியானேவும் அவருடைய ஆய்வு மாணவர் வொல்ஃப்காங் ட்ரீவரும் 1988-இல் இந்த ஏற்ற இறக்கத்தை அளந்து காட்டினார்கள். அப்படி ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று அதற்கு முன்பே பலர் சொல்லியிருந்தார்கள். இதோ என்று கையில் எடுத்துக் காட்டியது அப்போதுதான்.

பெயர் வைப்பதில் இவர்களுக்கு ஒரு விளையாட்டுக் குணம். உடம்பெல்லாம் முள்ளாக இருந்த ஒரு புழுவைப் பார்த்து 'ஹெட்ஜ்ஹாக்', அதாவது முள்ளெலி என்று பெயர் வைத்தார்கள். தென்மாவட்டத்துக் காட்டில் முள்ளெலி பார்த்தவர்கள் அந்தப் புழுவைப் பார்த்தால் ஒத்துக்கொள்வார்கள். முதுகெலும்பிகளிலும் அதே குடும்பத்து மரபணுக்கள் இருப்பது 1993-இல் தெரிய வந்தது. அதில் ஒன்று நம் கையில் கட்டைவிரல் எந்தப் பக்கம், சுண்டுவிரல் எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கிறது. அந்த மரபணு செல்களுக்குக் கொடுக்கும் சைகை கட்டுப்பாடிழந்தால் ஒருவகைத் தோல் புற்றுநோய் வரும். அதைத் தடுக்கும் மருந்து ஒன்றுக்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்னொரு மரபணுவின் பெயர் 'டோல்'. ஜெர்மனில் "அடேயப்பா, பிரமாதம்" என்று பொருள். அந்தப் புழுவைப் பார்த்தவுடன் கிறிஸ்டியானேவின் வாயில் வந்த சொல்லே பெயராக நின்றுவிட்டது என்பார்கள். முதுகு எது வயிறு எது என்பதைச் சொல்லும் மரபணு அது. பூஞ்சைத் தொற்றிலிருந்து ஈயைக் காப்பதும் அதே மரபணுதான் என்று 1996-இல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். அந்த வழியில் போனவர்களுக்கு 2011-இல் நோபல் பரிசு. கிறிஸ்டியானேவுக்கும் வீஷவுஸுக்கும் அமெரிக்க மரபியலாளர் எட்வர்ட் லூயிஸுக்கும் 1995-லேயே கிடைத்துவிட்டது.

அதற்குள் அவர் வேறொன்றில் இறங்கியிருந்தார். கங்கைச் சமவெளி ஓடைகளில் நீந்தும் வரி மீனை ஆயிரக்கணக்கான தொட்டிகளில் வளர்த்து, அதே ஃபியூஸ் பிடுங்கும் வேலையை முதுகெலும்புள்ள பிராணியிலும் செய்தார். அதன் முட்டை கண்ணாடி மாதிரி, இதயம் துடிப்பதை வெளியிலிருந்தே பார்க்கலாம்.

நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது. 2004-இல் அவர் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். குழந்தை பெற்ற இளம் பெண் ஆராய்ச்சியாளர்களுக்கு மாதாமாதம் பணம் தருகிறார்கள். ரசாயனம் வாங்க அல்ல. வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துக்கொள்ள. அவருக்குக் குழந்தைகள் இல்லை. ஆனாலும் ஆய்வகத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கு யார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறார்.

பாட்டிலைத் திருப்பிப் பார்த்து ஈயை எண்ணிய அந்த மாணவி ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தாள். இரண்டாவது குழந்தை பிறந்ததும் நிறுத்திவிட்டாள். இந்த உரையைப் பற்றிச் சொன்னபோது, "சார், அந்த நேரத்தில் சமையல்தான், ரேடியோவை அடுப்படியில் வைத்துக் கேட்கிறேன்" என்றாள். கேட்டுக்கொண்டிருப்பாள்.

வணக்கம்.