கண் பட்டதா, கண்ணில் பட்டதா?

[திரையில்: உரித்த தேங்காய், அண்மைக் காட்சி]

தேங்காயின் குடுமியைப் பிய்த்தால் மூன்று கண் தெரியும். ஆணியால் குத்திப் பாருங்கள். இரண்டு இறுகிக் கிடக்கும், ஒன்று மட்டும் பொசுக்கென்று உள்ளே வாங்கும். முளை வெளியே வருவதும் அந்த வழியாகத்தான். தேங்காய்க்கு ஏது பார்வை? ஆனாலும் அது கண்தான், ஏனென்றால் துளைக்கும் திறப்புக்கும் தமிழில் கண் என்றே பெயர்.

சல்லடைக் கண் பெரிதாக இருந்தால் மாவோடு தவிடும் இறங்கும். வலைக்கண் சிறுத்தால் குஞ்சு மீனும் மாட்டும். மேட்டூர் அணை 120 அடி நிரம்பியதும் '16 கண் மதகு வழியாக உபரிநீர் திறப்பு' என்று செய்தி வாசிப்பார்களே, அங்கே ஒவ்வொரு கண்ணும் தண்ணீர் பாயும் ஒரு வாசல்.

[திரையில்: கண் பட்டது / கண்ணில் பட்டது]

இனி வினைச்சொற்கள். தமிழ் கற்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

'குழந்தைக்குக் கண் பட்டுடுச்சு' என்றால் திருஷ்டி. உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போடுவார்கள். 'குழந்தை கண்ணில் பட்டது' என்றால் பார்த்தோம், அவ்வளவுதான். எல்லாம் நடுவில் நுழைந்த 'இல்' செய்யும் வேலை.

'வை' இன்னும் கெட்டிக்காரச் சொல். 'என் நிலத்து மேல கண் வச்சுட்டான்' என்றால் பறிக்கப் பார்க்கிறான். 'அடுப்புல பால் இருக்கு, ஒரு கண் வச்சுக்கோ' என்றால் பொங்கி வழியாமல் பார்த்துக்கொள். வைத்து 'விடு'கிறோமா, வைத்துக் 'கொள்'கிறோமா என்று கேளுங்கள், பொருள் பிடிபட்டுவிடும்.

'தாத்தா கண்ணை மூடிட்டார்' என்று தொலைபேசியில் சொல்லிவிடாதீர்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் மாலையோடு கிளம்பிவிடுவார்கள். தூக்கம் என்றால் 'கண் அசந்துட்டார்'.

[திரையில்: கண் + ஓட்டம்]

இன்று 'கண்ணோட்டம்' என்றால் ஒரு விஷயத்தைப் பார்க்கும் கோணம். இதே பொருளோடு திருக்குறளின் 58ஆம் அதிகாரத்தைத் திறந்தால் ஒரு குறளும் விளங்காது. அங்கே அது இரக்கம், தாட்சண்யம். தெரிந்தவர் முகத்தைப் பார்த்தபின் கடுமை காட்ட மனம் வராதே, அது.

[திரையில்: கண்ணி / கன்னி]

எழுத்துக்கு வருவோம். கண்ணோடு 'இல்' சேர்ந்தால் ஒற்று இரட்டித்து 'கண்ணில்'. 'நீர்' சேர்ந்தால் 'கண்ணீர்'. 'கள்' சேரும்போது எதுவும் மாறாது, 'கண்கள்'தான்.

அடிக்கடி கண்ணில் படும் பிழை 'கன்னிவெடி'. பறவை பிடிக்க வைக்கும் சுருக்குக்குக் கண்ணி என்று பெயர். அதுபோல மறைத்துவைத்துக் காலை வாரும் வெடி கண்ணிவெடி. மூன்று சுழி போடுங்கள். இரண்டு சுழி போட்டால் வெடிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அர்த்தமாகிவிடும்.