ராக்கெட் வெற்றி, செயற்கைக்கோள் போய்ச் சேரவில்லை: இரண்டும் எப்படி உண்மை?

அடுத்த கேள்விக்கு வருவோம். "2025 ஜனவரி 29 அன்று ஜிஎஸ்எல்வி எஃப்-15 ராக்கெட் ஏவுதல் வெற்றி என்று நேரலையில் கைதட்டினார்கள். சில நாட்களிலேயே, அது சுமந்துபோன வழிகாட்டி செயற்கைக்கோள் என்விஎஸ்-02 உரிய பாதைக்குப் போகவில்லை என்றார்கள். அப்படியானால் முதலில் சொன்னது பொய்யா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்.

பொய் இல்லை. ராக்கெட்டின் பொறுப்பு எங்கே முடிகிறது என்பதில்தான் குழப்பம்.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி சுமார் 19 நிமிடத்தில் ராக்கெட் செயற்கைக்கோளை விட்டுவிட்டது. எங்கே விட்டது? நீண்ட முட்டை வடிவப் பாதையில். அதன் ஒரு முனை பூமிக்கு மேல் சுமார் 170 கிலோமீட்டர். மறுமுனை 36,000-க்கும் மேல். இங்கே விடுவதுதான் திட்டம். சொன்ன இடத்தில் சரியாக விட்டதால் கைதட்டல். அதில் தப்பே இல்லை.

அதற்குப் பிறகு, முட்டைப் பாதையிலிருந்து வட்டப் பாதைக்கு மாறும் பயணம் செயற்கைக்கோளின் சொந்தக் காலில்தான். கர்நாடகாவின் ஹாசனில் உள்ள கட்டுப்பாட்டு மையத்திலிருந்து கட்டளை போகும். செயற்கைக்கோள் உயரமான முனைக்கு வரும்போதெல்லாம் அதன் சொந்த எஞ்சினை இயக்கி வேகத்தைக் கூட்டுவார்கள். அந்த உச்சியில் வேகம் நொடிக்கு 1.6 கிலோமீட்டர்தான் இருக்கும். வட்டப் பாதையில் நிற்க 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் வேண்டும். ஒரே மூச்சில் முடியாது, சில நாட்களில் தவணை முறையில் செய்வார்கள். இதற்கு எவ்வளவு எரிபொருள் தேவை தெரியுமா? 2013-இல் போன இதே வகை வழிகாட்டி செயற்கைக்கோள் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ மொத்தம் 1,425 கிலோ. எரிபொருள் இல்லாமல் பார்த்தால் 614 கிலோதான்!

என்விஎஸ்-02 இந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொண்டது. விண்வெளியில் காற்று இல்லை. அதனால் எரிபொருளோடு, அதை எரிக்கும் ஆக்சிடைசரையும் தனித் தொட்டியில் கொண்டுபோக வேண்டும். அந்த ஆக்சிடைசரை எஞ்சினுக்குள் விடும் வால்வு திறக்கவில்லை என்று இஸ்ரோ பிப்ரவரி 2 அன்று அறிவித்தது. தொட்டி நிறைய இருந்தும் எஞ்சினைப் பற்றவைக்க வழியில்லை.

இதற்கு நேர் எதிரான சம்பவமும் உண்டு. 2017 ஆகஸ்ட் 31 அன்று பிஎஸ்எல்வி சி-39 போனபோது செயற்கைக்கோளை மூடியிருக்கும் ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியவே இல்லை. உள்ளே இருந்த செயற்கைக்கோள் ஐஆர்என்எஸ்எஸ்-1எச் அந்தக் கூட்டுக்குள்ளேயே அடைபட்டுப் போனது. அது ராக்கெட்டின் தோல்வி. செயற்கைக்கோள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. செய்திகளில் இரண்டையும் "ஏவுதல் தோல்வி" என்று ஒரே தலைப்பில் போட்டுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு எரிச்சல்.

"ஏதோ ஒரு பாதையில் சுற்றுகிறதே, அது போதாதா?" என்றும் நண்பர் கேட்டிருக்கிறார். இந்தியாவின் வழிகாட்டி முறையான நாவிக்குக்கு அது போதாது. அதன் செயற்கைக்கோள்கள் பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றினால்தான் இந்தியாவின் பார்வையிலேயே எப்போதும் இருக்கும். முட்டைப் பாதையில் ஒரு சுற்று சுமார் பத்தரை மணி நேரம்தான். பாதி நேரம் உலகத்தின் வேறு பக்கம் போயிருக்கும். போதாததற்கு, ஒவ்வொரு சுற்றிலும் 170 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கும்போது அங்குள்ள மெல்லிய காற்று உரசி வேகத்தைக் குறைக்கும். அதனால் உச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழும். மற்ற கருவிகள் நன்றாக இருப்பதால், அந்தப் பாதையிலேயே வேறு விதமாகப் பயன்படுத்த முடியுமா என்று பார்ப்பதாக இஸ்ரோ அதே அறிவிப்பில் சொன்னது. வழிகாட்டும் வேலைக்கு அதை இனி எண்ணிக்கையில் சேர்க்க முடியாது.