மாட்டுங்கா லோக்கலும் மயிரிழைக் கால்வாயும்

(காட்சி: மாலை நேரம், தாதர் நிலையத்தின் மேம்பாலம். கீழே இரண்டு தண்டவாளங்களில் இரண்டு ரயில்கள்.)

மும்பையின் சி.எஸ்.எம்.டி. நிலையத்திலிருந்து இரண்டு லோக்கல் ரயில்கள் ஒன்றாகப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று ஸ்லோ, மற்றொன்று ஃபாஸ்ட். முதல் சில நிமிடங்கள் அக்கம்பக்கமாகவே ஓடும். குர்லா வருவதற்குள் ஸ்லோ வெகுவாகப் பின்தங்கியிருக்கும். அதன் மோட்டாரில் குறையில்லை. வழியெல்லாம் நின்று நின்று வருகிறது, அவ்வளவுதான். (பராமரிப்புக்காகத் தடத்தை அடைக்கும் மெகா பிளாக் ஞாயிறுகளில் இந்தக் கணக்கு செல்லாது.)

ஒரு கலவையை மெல்லிய குழாயில் ஓடவிட்டுப் பிரிக்கும் வண்ணப்பிரிகையும் வேதியியலில் இதுதான். குழாய்ச் சுவரின் பூச்சோடு ஒட்டி ஒட்டி வரும் மூலக்கூறு ஸ்லோ. ஒட்டாமல் ஓடுவது ஃபாஸ்ட். பாதை நீளமானால் இரண்டும் தெளிவாகப் பிரியும். 1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1.5 மீட்டர் நீளக் கால்வாயை, 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கன் வில்லையில் கொசுவத்திச் சுருள் போலச் செதுக்கி, வாயுக் கலவையைப் பிரித்துக் காட்டினார்கள்.

(காட்சி: மாட்டுங்கா கிழக்கு. பூக்கடைகள். பிறகு ஒரு கண்ணாடிச் சில்லு, உள்ளங்கையில்.)

திரவங்களுக்கு வருவோம். நான் வளர்ந்த மாட்டுங்காவில்தான் 1933இல் தொடங்கிய வேதித் தொழில்நுட்ப நிறுவனமும் இருக்கிறது. ஆனால் நான் படித்தது வேறொரு கல்லூரி. அங்கே தண்ணீரிலிருந்து ஒரு சேர்மத்தை எண்ணெய் போன்ற கரைப்பானுக்கு மாற்ற, பிரிபுனல் என்ற கண்ணாடிக் கலத்தில் இரண்டையும் ஊற்றிக் குலுக்கச் சொன்னார்கள். ஆர்வத்தில் மிகையாகக் குலுக்கிவிட்டேன். இரண்டு அடுக்குகளாகப் பிரிய வேண்டியது மோர் மாதிரி வெளுத்து நின்றுவிட்டது. மாலை வரை தெளியவில்லை.

குலுக்குவது எதற்காக? மூலக்கூறு தானாக நகரும் வேகம் மிகக் குறைவு. இந்த நகர்வுக்கு விரவல் என்று பெயர். தூரம் பத்து மடங்கானால், ஆகும் நேரம் நூறு மடங்காகும். தண்ணீரில் ஒரு சிறிய மூலக்கூறு 1 சென்டிமீட்டர் விரவ ஏறக்குறைய 14 மணி நேரம் வேண்டும். 100 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன் அளவு தூரத்துக்கு வெறும் 5 விநாடி. ஆகவே குலுக்கத் தேவையில்லை, வழியைச் சுருக்கினால் போதும்.

(காட்சி: ஒய் வடிவக் கால்வாய், இரு நிறத் திரவங்கள்.)

மயிரிழைக் கால்வாய் செதுக்கிய இந்தக் கண்ணாடிச் சில்லில் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கரைப்பான். இரண்டும் கலக்காமல் பக்கம்பக்கமாக ஓடுகின்றன. இதுவே வரிச்சீர் ஓட்டம். திரவத்தின் உந்துதல் அதன் பாகுத்தன்மையை எவ்வளவு மிஞ்சுகிறது என்று சொல்வது ரெனால்ட்ஸ் எண். குழாயில் கொந்தளிப்பு தொடங்க அது 2000ஐ ஒட்டி வர வேண்டும். இங்கே அது 1ஐ ஒட்டியே நிற்கிறது. நடுவில் உள்ள எல்லைக்கோட்டைத் தாண்டி, நமக்கு வேண்டிய சேர்மம் மட்டும் கரைப்பானுக்குள் நகர்கிறது. 100 மைக்ரோமீட்டர் அகலக் கால்வாயில் 1 மில்லிலிட்டர் திரவத்துக்கு 100 சதுர சென்டிமீட்டர் எல்லைப் பரப்பு கிடைக்கிறது. பிரிபுனலில் குலுக்கிக் குலுக்கி நான் தேடியது இந்தப் பரப்பைத்தான்.

ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். சுவரின் ஒரு பாதிக்கு நீர் ஒட்டாத பூச்சு கொடுத்தால் அந்தக் கோடு உறுதியாக நிலைக்கும். இல்லாவிட்டால் திரவம் துளித்துளியாக அறுபடலாம்.

அடுத்தது செறிவூட்டல். பத்துப் பங்கு தண்ணீரில் இருந்ததை ஒரு பங்கு கரைப்பானுக்குள் முழுமையாக இழுத்தால் செறிவு பத்து மடங்காகும். ஆனால் தடயம் அளவே உள்ள புரதத்தைக் கண்டுபிடிக்க இது போதாது. அங்கே மின்புலம் உதவுகிறது. ஒரு வகை மின்சுமையை மட்டுமே எளிதாக விடும், நானோமீட்டர் அளவேயான நுண்வழியை நடுவில் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால், அதையொட்டி அயனிகள் வற்றிய பகுதி ஒன்று உருவாகிறது. பின்னாலிருந்து வரும் புரதங்கள் அதைத் தாண்ட முடியாமல் ஓரிடத்தில் குவிகின்றன. ஒரு ரயில் ரத்தானதும் இந்தத் தாதர் மேம்பாலத்தின் படிக்கட்டில் சேரும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 2005இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இப்படிப் புரதச் செறிவைப் பத்து லட்சம் மடங்கு உயர்த்தினார்கள்.

(காட்சி: சமையலறை மேடை, பித்தளைக் காபி ஃபில்டர்.)

குறை இல்லையா? இருக்கிறது. 100 மைக்ரோமீட்டர் சதுரக் கால்வாயில் விநாடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடினால், ஒரு லிட்டர் முடிய ஏறக்குறைய 116 நாள் ஆகும். எதிர்வீட்டு மாமியிடம் சொன்னேன்.

“என் ஃபில்டரில் டிகாக்‌ஷன் இதைவிட வேகமாக இறங்கும், அம்பி” என்றார்.

“ஆயிரம் கால்வாய்களை அடுக்கினால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், மாமி.”

“அதில் ஒன்று அடைத்துக்கொண்டால்?”

சரியான கேள்வி. அடைபட்டதன் பங்கு மற்றவற்றுக்குப் போகும். ஒரு கால்வாயில் கரைப்பானின் பக்கம் மட்டும் பாதி அடைத்தால் எல்லைக்கோடு நகர்ந்து, கரைப்பான் வர வேண்டிய வாயிலில் தண்ணீரும் வரும். அதனால்தான் இந்தச் சில்லுக்கு முன்னால் ஒரு வடிகட்டியைப் பொருத்துகிறார்கள்.

“அப்படிச் சொல்லு” என்று மாமி ஃபில்டரை எடுத்து வைத்தார்.