பைன் பருப்பு: விதை தனக்காகக் கட்டிய கட்டுச்சோறு

வணக்கம். உள்ளே வரும்போது உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம் கொடுத்திருப்பார்கள். அதில் பத்துப் பைன் பருப்பு இருக்கிறது. அவசரப்பட்டு வாயில் போட்டுவிடாதீர்கள். முந்திரி, பாதாம், அக்ரூட் என்று ஏதாவது ஒரு கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் பொட்டலத்தைப் பிரிக்காமலே பக்கத்தில் இருப்பவரிடம் தந்துவிடுங்கள். சிலருக்கு இந்தப் பருப்பும் மூச்சுத்திணறல் வரை கொண்டுபோகும் ஒவ்வாமையைத் தரும். மற்றவர்கள் ஒன்றே ஒன்றை எடுத்து, நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள்.

நடுவில் வெள்ளையாக ஒரு குச்சி தெரிகிறதா? அதுதான் முளை. அதன் ஒரு முனையில் விரல்களைக் குவித்து வைத்தாற்போல் இருப்பவை வித்திலைகள். நிலக்கடலையில் வித்திலை இரண்டுதான், நாம் தின்பதும் அவற்றைத்தான். இங்கே நாம் தின்பதில் பெரும்பகுதி முளையைச் சுற்றியிருக்கும் சேமிப்புத் திசு. பைன் மரம் பூப்பதில்லை, அதற்குக் கனியும் கிடையாது. கூம்பின் செதில்களுக்கு நடுவே விதை மூடாக்கு இல்லாமல் உட்கார்ந்திருக்கும். மத்தியதரைக் கடல் பகுதியின் குடைப் பைனில் ஒரு கூம்பு முதிர்வதற்கு மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

அந்தச் சேமிப்புத் திசுவைக் கட்டுச்சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். முளைக்காக மரம் கட்டிக் கொடுத்தது. நாம் நடுவழியில் பறித்துத் தின்கிறோம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாதி விஷயத்தை நீங்களே ஊகித்துவிடலாம்.

சைபீரியப் பைனைப் பாருங்கள். அதன் விதைக்குச் சிறகு இல்லை, காற்று தூக்கிப் போகாது. காக்கைக் குடும்பத்துப் பறவை ஒன்று அதைக் கொத்திக்கொண்டுபோய்க் குளிர்காலத்துக்கென்று மண்ணில் புதைத்து வைக்கிறது. எடுக்காமல் விட்டவை முளைக்கின்றன. மண்ணுக்கடியில், வெளிச்சமில்லாமல், தானாக உணவு தயாரிக்க முடியாத நிலையில் தொடங்கும் வாழ்க்கை அது. சின்ன இடத்தில் நிறையச் சக்தியைத் திணிக்க வேண்டும் என்றால் எதைத் திணிப்பீர்கள்? கொழுப்பைத்தான். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி.

இப்போது கணக்கு. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவு அட்டவணைப்படி 100 கிராம் உலர்ந்த பைன் பருப்பில் சுமார் 673 கலோரி. கொழுப்பு 68 கிராம். புரதம் 13.7 கிராம், மாவுச்சத்து 13 கிராம், அதில் நார்ச்சத்து 3.7 கிராம். தண்ணீர் என்று பார்த்தால் இரண்டு கிராம் சொச்சம்தான். 68 என்று கேட்டதும் முன்வரிசையில் சில முகங்கள் சுருங்குவது தெரிகிறது. ஆனால் அந்த 68-இல் நிறைவுற்ற கொழுப்பு 5 கிராம்கூட இல்லை. சரிபாதி, அதாவது 34 கிராம், பல நிறைவுறாக் கொழுப்பு. அதில் பெரும்பங்கு லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் இந்த வகையை வைத்தால் ரத்தத்தில் ‘கெட்ட கொழுப்பு’ என்று சொல்லப்படும் எல்.டி.எல். கொழுப்பு குறைகிறது என்பது பலமுறை சோதித்து உறுதியான விஷயம். ‘அந்த இடத்தில்’ என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள். வழக்கமான சாப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு மேலே ஒரு கிண்ணம் பைன் பருப்பு போட்டால் எடைதான் ஏறும்.

இந்தக் கொழுப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றுப் பட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும். மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கப்போகிற விதை அதற்கும் ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. அதன் பெயர்தான் வைட்டமின் ஈ. 100 கிராமில் 9.3 மில்லிகிராம். எண்ணெய் காறிப்போகாமல் காக்கத் தனக்காக வைத்துக்கொண்டது. நம் உடம்பிலும் அது செய்கிற வேலை அதேதான்: செல் சவ்வுகளில் உள்ள கொழுப்பு ஆக்சிஜனால் கெடாமல் காப்பது.

அடுத்தது தாதுக்கள். ஒரு வேளைக்கு உள்ளங்கையளவு, 28 கிராம் என்று கொள்வோம். பத்துப் பருப்பு 1.7 கிராம்தான் என்பதால், கிட்டத்தட்ட 165 பருப்பு. உங்கள் பொட்டலத்தைப் போல் பதினாறு மடங்கு! அதில் மாங்கனீசு 2.5 மில்லிகிராம் கிடைக்கிறது. வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்குப் போதுமென்று சொல்லும் அளவே 2.3 மில்லிகிராம்தான். செல்லுக்குள் சக்தி தயாராகும் இடமான மைட்டோகாண்ட்ரியாவில், கழிவாக உண்டாகும் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளை அடக்குகிற நொதிக்கு இந்த மாங்கனீசு வேண்டும். மக்னீசியம் 70 மில்லிகிராம், ஒரு நாள் தேவையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. தசை சுருங்கித் தளர்வதற்கும், 300-க்கு மேற்பட்ட நொதிகள் இயங்குவதற்கும் மக்னீசியம் தேவை. துத்தநாகம், செம்பு, பாஸ்பரசும் கணிசமாக உண்டு. இரும்பும் இருக்கிறது. ஆனால் பாஸ்பரசின் பெரும்பகுதியை விதை ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டி வைத்திருக்கும். அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்வதால், அட்டவணையில் பார்க்கும் இரும்பு முழுதும் ரத்தத்தில் சேராது.

இனி, இல்லாதவற்றுக்கு வருகிறேன். உண்மையில் இதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன். பைன் பருப்பைப் பற்றிய விளம்பர வரிகளில் நான்கு திரும்பத் திரும்ப வரும். கண்ணுக்கு நல்லது, அதில் லூட்டின் நிறைய என்பார்கள். அட்டவணையில் லூட்டினும், அதன் உறவு நிறமியான சியாசாந்தினும் சேர்த்து 100 கிராமுக்கு 9 மைக்ரோகிராம். கீரைகளில் இது ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒமேகா-3 நிறைய என்பார்கள். 100 கிராமில் கால் கிராம்கூட இல்லை. எலும்புக்குக் கால்சியம் என்பார்கள். 16 மில்லிகிராம், அவ்வளவுதான். நல்ல பண்டத்துக்குப் பொய்ப் பட்டம் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நான்காவது வரி கொஞ்சம் நின்று பேச வேண்டியது: பசியைக் குறைக்கும், எடை குறையும். இதற்குக் கொஞ்சம் அடித்தளம் உண்டு. பினோலெனிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பு அமிலம் சில பைன் விதைகளில் குறிப்பிடத்தக்க அளவில் இருக்கிறது. 2008-இல் வெளியான ஆய்வொன்றில், எடை கூடிய, மாதவிடாய் நின்ற 18 பெண்களுக்குக் கொரியப் பைன் எண்ணெயைக் காப்ஸ்யூலில் கொடுத்துப் பார்த்தார்கள். வயிறு நிறைந்ததென்று மூளைக்குச் சொல்லும் இரண்டு குடல் ஹார்மோன்கள் கூடின, பசி உணர்வும் தணிந்தது. சரி. ஆனால் கொடுத்தது எண்ணெய், பருப்பல்ல. பார்த்தது சில மணி நேரம். உடல் எடையை அந்த ஆய்வு அளக்கவே இல்லை. இன்னொன்று, கொரியப் பைன் எண்ணெயில் பினோலெனிக் அமிலம் ஏழில் ஒரு பங்கு போல இருக்கும், மத்தியதரைப் பைனில் ஒரு சதவீதம்கூடத் தேறாது.

இங்கேதான் பெயர் நம்மை ஏமாற்றுகிறது. பைன் பருப்பு என்பது ஒரு மரத்தின் விதை அல்ல. உண்ணத்தக்க அளவில் பருத்த விதை தரும் பைன் இனங்கள் இருபதுக்கும் மேல். மத்தியதரைப் பைன் பருப்பு நீண்டு மெலிந்திருக்கும். புரதம் 100 கிராமுக்கு 30 கிராமைத் தாண்டும், கொழுப்பு ஐம்பதுக்குள் நிற்கும். கொரியப் பைன் முக்கோணமாக, குட்டையாக இருக்கும், எண்ணெய்ப்பசை அதிகம். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் கின்னௌர் மலைகளில் விளையும் சில்கோசா ஊசிபோல் நீளமானது. அமெரிக்கத் தென்மேற்கில் பின்யோன். இத்தனைக்கும் பொட்டலத்தின் மேல் ஒரே பெயர். புரதம் 14 கிராம் என்று ஒரு இடத்திலும் 31 என்று இன்னொரு இடத்திலும் படித்துக் குழம்பியிருந்தால், இரண்டும் சரியாகவே இருக்கலாம், மரம்தான் வேறு.

இதயத்துக்கு நல்லதா என்று கேட்பீர்கள். கொட்டைகளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பெரிய ஆய்வு ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட். அதில் கலந்துகொண்டவர்கள் ஏழாயிரம் பேருக்கு மேல். அக்ரூட், பாதாம், ஹேசல் கொட்டை மூன்றையும் தந்தார்கள். பைன் மரம் தோப்புத் தோப்பாக நிற்கும் நாட்டில் பைன் பருப்பு மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை! அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003-இல் கொட்டைகள் மீது இதய நலன் பற்றிய வாசகம் அச்சிட அனுமதித்தபோது, பைன் பருப்பில் சில வகைகளையும் சேர்த்தது. ஆனால் சான்றுகள் சுட்டுகின்றன, நிரூபிக்கவில்லை என்று அந்த வாசகத்திலேயே போடச் சொன்னது. நானும் அதற்கு மேல் போகமாட்டேன். கொழுப்பின் தன்மை சாதகமாக இருக்கிறது, தாதுக்களும் அப்படியே. பைன் பருப்பைத் தனியாக வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு இல்லை.

ஒரு விசித்திரத்தையும் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு இதைத் தின்று ஒன்றிரண்டு நாள் கழித்து வாயில் உலோகக் கசப்பு தொடங்கும். எதைச் சாப்பிட்டாலும் கசக்கும். இரண்டு வாரம், சிலருக்கு நான்கு வாரம்கூட நீடிக்கும். மருத்துவ இதழில் இது முதலில் பதிவானது 2001-இல். சீனாவில் விளையும் அர்மாண்டி என்ற பைன் இனத்தின் விதைகள் கலந்திருந்த பொட்டலங்களோடு அதிகம் தொடர்புபடுத்தப்பட்டது. தானாகவே போய்விடும், சிகிச்சை வேண்டியதில்லை. ஆனால் காரணம் தெரியாதவர்கள் நாக்குக்கு என்னவோ ஆகிவிட்டதென்று பயந்துபோகிறார்கள்.

ஓடு நீக்கிய பருப்பு வாங்கினால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். வறுக்க வேண்டுமென்றால் எண்ணெய் விடாமல் சிறு தீயில், கண்ணை எடுக்காமல். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் நடுவே அரை நிமிடம்தான். உப்புத் தடவியதைவிடத் தடவாதது மேல், இயல்பாக இதில் சோடியம் ஏறக்குறைய இல்லை.

இப்போது பொட்டலத்தில் மிச்சமிருக்கும் ஒன்பதையும் உள்ளங்கையில் கொட்டி, முதலில் முகர்ந்து பாருங்கள். மெல்லிய பிசின் மணம், கொஞ்சம் பால் வாசனை வந்தால் சாப்பிடலாம். பழைய பெயிண்ட் போலக் காறல் வாடை அடித்தால், போகும்போது வாசலில் இருக்கும் கூடையில் போட்டுவிடுங்கள். காலையில் முகர்ந்து பார்த்துத்தான் கட்டினோம், ஆனால் அரங்கத்தில் இந்த வெயிலுக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று விதைக்குத்தான் தெரியும்.