சென்சார் தப்பாகக் காட்டினால் புவி வெப்பமாதல் கணக்கும் தப்பா?

(திரையில்: முங்கேஷ்பூர், டெல்லி. 29 மே 2024. 52.9 டிகிரி)

டெல்லியின் ஓரத்தில் முங்கேஷ்பூர் என்று ஓர் இடம். 2024 மே 29 அன்று அங்கிருந்த தானியங்கி வானிலை நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் என்று காட்டியது. இந்தியாவில் அதுவரை எங்கும் பதிவாகாத எண். செய்தி உலகம் முழுக்கப் போய்விட்டது. ஆனால் அதே நாளில் டெல்லியின் முக்கிய நிலையமான சஃப்தர்ஜங்கில் பதிவானது 46.8தான். சந்தேகம் வந்து, இந்திய வானிலை ஆய்வுத் துறை சரிபார்த்த கருவி ஒன்றோடு ஒப்பிட்டுப் பார்த்தது. முங்கேஷ்பூர் சென்சார் 3 டிகிரி கூட்டிக் காட்டுகிறது என்று தெரிந்தது.

உடனே ஒரு கேள்வி கிளம்பியது. "ஒரு சென்சாரே 3 டிகிரி தப்பு. பூமி சூடானது மொத்தமே 1 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் என்கிறீர்கள். இதை எப்படி நம்புவது?" கிண்டலாகக் கேட்டாலும் சரி, நியாயமான கேள்விதான்.

முதலில் சுலபமான பகுதியை முடித்துவிடலாம். ஒரு கருவி ஒரு நாள் கொஞ்சம் கூட்டிக் காட்டும், இன்னொரு நாள் குறைத்துக் காட்டும். இப்படி இரண்டு பக்கமும் சிதறும் பிழைகள் சராசரி எடுக்கும்போது ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நூறு அளவீடுகளின் சராசரியில் அந்தப் பிழை பத்தில் ஒரு பங்காகிவிடும்.

நிறைய பேர் இதோடு விளக்கத்தை முடித்துக்கொள்வார்கள். அது பாதி பதில். எல்லாக் கருவிகளும் ஒரே திசையில் தப்பினால் என்ன ஆகும்? ஆயிரம் அளவீடுகளைச் சேர்த்தாலும் சராசரி அதே அளவு தப்பாகத்தான் வரும்.

அப்போதும் ஒரு வழி இருக்கிறது. வீட்டு எடை மெஷின் எப்போதும் 2 கிலோ கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது சொல்லும் எடை பொய். ஆனால் தீபாவளி முடிந்ததும் அதில் 3 கிலோ ஏறியிருந்தால் அந்த 3 கிலோ நிஜம். அதனால்தான் காலநிலை ஆய்வாளர்கள் "இந்த ஊரில் இத்தனை டிகிரி" என்பதோடு நிற்பதில்லை. அந்த நிலையத்தின் சொந்த முப்பது ஆண்டுச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்க்கிறார்கள். மாறாத பிழை அந்தக் கழித்தலிலேயே காணாமல் போய்விடும்.

ஆக, தப்பாகக் காட்டும் கருவியைவிட ஆபத்தானது, நடுவில் மாற்றப்பட்ட கருவி. இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கா.

(திரையில்: இடப்பக்கம் வெள்ளை மரப்பெட்டி, வலப்பக்கம் அடுக்கடுக்கான பிளாஸ்டிக் தட்டுகள்)

அங்கே ஆயிரக்கணக்கான நிலையங்களில் தன்னார்வலர்கள்தான் வெப்பநிலையைக் குறித்து வந்தார்கள். காற்று புகும்படி பலகை அடித்த வெள்ளை மரப்பெட்டி, உள்ளே கண்ணாடி வெப்பமானி. 1980களின் நடுவில் அதை எடுத்துவிட்டு, தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் கூண்டுக்குள் மின்னணு சென்சார் வைத்தார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், வசதிதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தபோது, புதிய கருவி பகல் உச்சத்தை ஏறத்தாழ 0.4 டிகிரி குறைத்தும், இரவுக் குறைந்தபட்சத்தை 0.3 டிகிரி கூட்டியும் காட்டியது. சென்சாரோடு அதன் கூண்டும் மாறியதை மறக்கக் கூடாது. வெயில் எவ்வளவு தடுக்கப்படுகிறது, காற்று எவ்வளவு புகுகிறது என்பதெல்லாம் அளவை மாற்றும். இன்னொன்று, சென்சாருக்கும் திரைக்கும் இடையே கேபிள் போக வேண்டும். அதனால் பல கருவிகள் கட்டடத்தை ஒட்டி நகர்ந்துவிட்டன.

இதைவிட விசித்திரமான ஒன்று, கருவியைப் பார்க்கும் நேரம். ஒரு நாளின் உச்சத்தைப் பிடித்துவைக்கும் வெப்பமானியை மாலை 5 மணிக்குப் பார்த்து மீட்டமைக்கிறீர்கள். அன்று கொதிக்கும் வெயில். மீட்டமைத்த பிறகும் வெளியே சூடு இருக்கிறது, கருவி அதையே அடுத்த நாளின் கணக்கில் பதிந்துகொள்கிறது. மறுநாள் மேகமூட்டமாக இருந்தாலும் உச்சம் என்று நிற்பது நேற்றைய சூடுதான். அதாவது ஒரு வெயில் நாள் இரண்டு முறை எண்ணப்படுகிறது. காலையில் பார்த்தால் இது நேராது, அங்கே குளிர்ந்த இரவுகள்தான் இரண்டு முறை எண்ணப்படும். 20ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அமெரிக்கத் தன்னார்வலர்கள் மாலையிலிருந்து காலைக்கு மாறிக்கொண்டே வந்தார்கள். மழையளவைக் காலையில் எடுப்பது வசதி என்பது காரணம். வெப்பநிலைப் பதிவில் இது போலியான குளிர்ச்சியாக விழுந்தது.

இதையெல்லாம் திருத்தினால் அமெரிக்க நிலப்பரப்பின் வெப்ப ஏற்றம் கூடுகிறது. "பார்த்தீர்களா, எண்ணை ஏற்றுகிறார்கள்" என்ற குற்றச்சாட்டு இங்கிருந்துதான் வலுத்தது. 2007இல் ஆண்டனி வாட்ஸ் என்ற முன்னாள் தொலைக்காட்சி வானிலை அறிவிப்பாளர், தன்னார்வலர்களைத் திரட்டி நிலையங்களைப் படமெடுக்க வைத்தார். ஏசி வெளியேற்றும் சூடான காற்றின் பக்கத்திலும் தார் தரைக்கு ஓரத்திலும் நிற்கும் கருவிகள் அந்தப் படங்களில் இருந்தன. நல்ல வேலை, மறுக்க முடியாது. ஆனால் வாட்ஸும் ஓர் ஆசிரியராக இருந்த 2011ஆம் ஆண்டு ஆய்வே என்ன சொன்னது தெரியுமா? மோசமான இடத்தில் இருக்கும் நிலையங்கள் உச்சத்தின் போக்கைக் குறைத்தும் குறைந்தபட்சத்தின் போக்கைக் கூட்டியும் காட்டுகின்றன. இரண்டும் சேரும்போது சராசரியின் போக்கு ஏறக்குறைய மாறவில்லை.

இதற்கு முன்பே அமெரிக்கா ஒரு காரியம் செய்யத் தொடங்கியிருந்தது. 2000களில் புதிதாக ஒரு வலையமைப்பு. ஊர் விரிவாக வாய்ப்பில்லாத இடங்களாகத் தேடி 114 நிலையங்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பிளாட்டினம் சென்சார்கள், மூன்றுக்கும் விசிறி வைத்த தனித்தனிக் கூண்டு. ஒன்று பிசகினால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். முங்கேஷ்பூர் மாதிரிச் சிக்கல் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். இந்த நிலையங்களுக்குப் பழைய திருத்தங்கள் தேவையில்லை. திருத்திய பழைய வலையமைப்பின் வரைகோட்டையும் இந்தப் புதியதன் வரைகோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், 2005 முதல் இரண்டும் ஒட்டியே போகின்றன.

(திரையில்: கப்பல் தளத்திலிருந்து கயிற்றில் இறங்கும் கான்வாஸ் வாளி)

சரி, அமெரிக்கா பூமியின் ஒரு துண்டு. பூமியின் மேற்பரப்பில் 70 சதவீதம் கடல், அங்கே கதை வேறு. அந்தக் காலத்தில் மாலுமிகள் கான்வாஸ் வாளியில் கடல்நீரை மொண்டு அளந்தார்கள். மேலே இழுப்பதற்குள் ஆவியாதலில் நீர் குளிர்ந்துவிடும். அப்புறம் இயந்திர அறைக்குள் இழுக்கும் நீரை அளந்தார்கள், அங்கே அது கொஞ்சம் சூடாகிவிடும். இரண்டாம் உலகப் போரில் தரவு பெரும்பாலும் அமெரிக்கக் கப்பல்களின் இயந்திர அறையிலிருந்து வந்தது. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் கப்பல்களின் வாளிகள் திரும்பின. 1945 கடைசியில் கடல் திடீரென 0.3 டிகிரி குளிர்ந்ததுபோல் பதிவானது. ஆய்வாளர்கள் இதைத் தெளிவாகச் சுட்டிக்காட்டியது 2008இல்தான்.

வாளிக் குளிர்ச்சியைத் திருத்தினால் பழைய கடல் வெப்பநிலை உயர்கிறது. பழையது உயர்ந்தால் அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் குறையும். நிலத்தையும் கடலையும் சேர்த்துப் பார்த்தால், திருத்தங்களின் மொத்த விளைவு நூற்றாண்டு வெப்ப ஏற்றத்தைச் சற்றுக் குறைப்பதுதான். எண்ணை ஏற்றுவதற்காகத் திருத்துகிறார்கள் என்பவர்கள் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதேயில்லை.

இப்போது கடலில் ஏறத்தாழ 4,000 ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறும் அவற்றின் சென்சார் பிழை 0.002 டிகிரி அளவுதான். இன்றைய அளவீட்டில் பெரிய ஓட்டை இல்லை.

உலக வானிலை அமைப்பு 2024ஐ, 1850 முதல் 1900 வரையிலான சராசரியைவிட 1.55 டிகிரி கூடுதல் என்றது, கூட்டியோ குறைத்தோ 0.13. அந்த 0.13இன் பெரும்பகுதிக்குக் காரணம் 1850களில்தான் இருக்கிறது. அப்போது கப்பல் போகாத கடல்களில் வாளிகூட இல்லை. ஆகவே இன்றும் தன்னார்வலர்கள் பழைய கப்பல் பதிவேடுகளைப் பார்த்து, மங்கிய கையெழுத்திலுள்ள எண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.